கிரகணத்துக்குக் கோயில் நடையைச் சாத்துவோம், பிள்ளைங்களை ஏன் பூட்டி வைக்கணும்?

புந்தோங்ல கோயில் தொண்டு செய்யிற நாங்க சில பேர் சேர்ந்து எழுதுற பதிவு இது. கொஞ்சம் நீளம்தான். கோப்பி கலக்கி வச்சுக்கிட்டு நிதானமா படிங்க.

போன ஞாயித்துக்கிழமை சமய வகுப்புல நவக்கிரகம் பாடம் நடந்துச்சு. ராகு, கேது வந்ததும் ஒரு சின்னப் பொண்ணு எழுந்து நின்னு, "கிரகணம் வந்தா சாமி ஏன் கதவைச் சாத்திக்கிறாரு? அவருக்கும் பயமா?"ன்னு கேட்டுச்சு. பாடம் எடுத்தவருக்குச் சட்டுன்னு பதில் வரலை. அன்னிக்கு ராத்திரி எங்க குழுவுல இதே பேச்சு ஓடி, கடைசியா 2016-ல போய் நின்னுச்சு. அந்த வருஷம் நாங்க பண்ணின ஒரு தப்பு இன்னும் மனசுல உறுத்திக்கிட்டே இருக்கு. அதை முதல்ல ஒத்துக்கிட்டு அப்புறம் கருத்துக்கு வர்றோம்.

2016 மார்ச் 9, புதன்கிழமை. மார்ச் 7 ராத்திரிதான் மகா சிவராத்திரி. நாலு காலப் பூஜைக்கும் கண் முழிச்சு, பாத்திரம் கழுவி, மண்டபம் கூட்டி, 8-ஆம் தேதி முழுக்க அசதியில கிடந்தோம். மறுநாள் காலையில சூரிய கிரகணம். அமாவாசை, கும்ப ராசி, கேதுவோட சேர்ந்த கிரகணம்னு பஞ்சாங்கத்துல இருந்துச்சு. இந்தோனேசியாவுல பாலெம்பாங், பெலிதோங், பாலு, தெர்னாத்தே பக்கம் முழு கிரகணம். நமக்குப் பகுதி கிரகணம், ஈப்போவுல ஏறக்குறைய முக்கால் சூரியன் மறையிற அளவுக்கு. சூரியன் உதிக்கிற நேரமும் சந்திரன் அதைத் தொடுற நேரமும் நமக்கு கிட்டத்தட்ட ஒண்ணா அமைஞ்சிருந்துச்சு, காலை ஏழு இருபத்தஞ்சை ஒட்டி. எட்டே கால், எட்டரைக்குள்ள உச்சம். ஒன்பதரை வாக்குல முடிவு.

8-ஆம் தேதி ராத்திரி எங்க வாட்ஸ்அப் குழுவுக்கு ஒரு செய்தி வந்துச்சு. "கிரகண நேரத்தில் செய்யக் கூடாதவை"ன்னு இருபது வரி. சாப்பிடக் கூடாது, தண்ணி குடிக்கக் கூடாது, கர்ப்பிணிகள் இருட்டு அறையில இருக்கணும், கத்தி தொடக் கூடாது, பிள்ளைங்க வாசலுக்கே வரக் கூடாது, இப்படிப் போகுது. கடைசி வரியில, காலை 6:50க்குள்ள கிரகணம் விட்டுடும்னு போட்டிருந்துச்சு. எங்கிருந்து வந்துச்சுன்னு யாரும் கேக்கலை. நல்லது செய்யிறோம்னு நெனச்சு, பக்தர்கள் இருக்கிற எல்லாக் குழுவுக்கும் நாங்களே அனுப்பி விட்டோம்.

அந்த நேரம் சென்னை நேரம். தமிழ்நாட்டுல அன்னிக்குச் சூரியன் கிரகணத்தோடவே உதிச்சுச்சு. பஞ்சாங்கத்துல கிரஸ்தோதயம்னு சொல்வாங்க. அங்க உதிச்ச கொஞ்ச நேரத்துலயே முடிஞ்சும் போச்சு. நமக்கும் அவங்களுக்கும் ரெண்டரை மணி நேர வித்தியாசம். சென்னையில 6:50ன்னா புந்தோங்ல 9:20. நம்ம கடிகாரத்துல காலை 6:50க்கு இங்க சூரியனே இன்னும் உதிச்சிருக்காது! இந்தச் சாதாரணக் கணக்கு எங்கள்ல ஒருத்தர் மண்டையிலயும் ஏறலை.

காலையில குருக்கள் சீக்கிரமே பூஜையை முடிச்சு நடை சாத்திட்டார். நாங்க நாலு பேர் வெளியே பெஞ்சில உக்காந்திருந்தோம். புந்தோங்ல இருக்கிறவங்களுக்குத் தெரியும், நமக்குக் கிழக்கே முழுக்க மலை. கடிகாரம் உதயம்னு சொன்னாலும், சூரியன் அந்த மலையைத் தாண்டி முகம் காட்ட இன்னும் கொஞ்ச நேரம் ஆகும். ஏழே முக்காலுக்கு மேலதான் வெளிய வந்துச்சு. வரும்போதே ஒரு பக்கம் கடிச்ச பிஸ்கட் மாதிரி.

அப்பதான் ஒரு அங்கிள் மோட்டார்ல வந்து நின்னார். "என்ன தம்பி, கிரகணம் ஆறு அம்பதுக்கே விட்டுருச்சே, ஏன் இன்னும் நடை தொறக்கலை?"ன்னார். இன்னும் விடலைங்கன்னு சொன்னதும், "அப்படியா?"ன்னு தலையைத் தூக்கி வெறுங்கண்ணால நேரா சூரியனையே பார்த்தார். நாங்க போட்ட சத்தத்துல கண்ணை எடுத்துட்டார். நல்லவேளை, ஒண்ணும் ஆகலை. எங்களுக்குத்தான் உடம்பு சில்லுன்னு ஆயிடுச்சு. எங்க செய்தியைப் படிச்சுட்டு, முடிஞ்சிருச்சுன்னு நம்பி வெளிய வந்தவங்க எத்தனை பேரோ? அதுல பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பின பிள்ளைங்க எத்தனையோ?

இதோட முடிஞ்சிருந்தா பரவால்ல. எட்டு மணி வாக்குல ஒரு போன் வந்துச்சு. பக்கத்து அடுக்குமாடியில ஒரு மருமகப் பொண்ணு, ஏழு மாசம். முந்தின நாள் ராத்திரியிலேருந்து பச்சைத் தண்ணி கூட குடுக்காம இருட்டு அறையில உக்கார வச்சிருக்காங்க. நாங்க அனுப்பின செய்தியைப் பார்த்துத்தான். காலையில பாத்ரூம் போக எழுந்த பொண்ணு மயங்கி விழுந்துருச்சு. எங்க ஆளு ஒருத்தர் காரை எடுத்துக்கிட்டு ஓடினார். ஆஸ்பத்திரியில தண்ணி ஏத்தி, சாயங்காலம் வீட்டுக்கு அனுப்பினாங்க. தாயும் பிள்ளையும் நல்லா இருக்காங்க, அந்தப் பிள்ளை இப்ப பள்ளிக்கூடம் போகுது. அந்த மாமியாரை நாங்க குத்தம் சொல்ல மாட்டோம். கோயில் ஆளுங்க அனுப்பினது, சரியாத்தான் இருக்கும்னு நம்பினாங்க. அந்த நம்பிக்கைக்கு நாங்க செஞ்ச மரியாதை அவ்வளவுதான்.

சூரிய கிரகணத்துக்கு நாலு யாமம், அதாவது 12 மணி நேரம், முன்னாடியே சாப்பாட்டை நிறுத்தணும்னு சாஸ்திரம் சொல்றது உண்மை. அதே சாஸ்திரம் குழந்தைங்க, வயசானவங்க, நோயாளிங்களுக்கு அந்தக் கண்டிப்பு இல்லைன்னும் சொல்லுது. வாட்ஸ்அப்ல வந்த இருபது வரியில அந்த ஒரு வரி மட்டும் காணோம். விலக்கை எடுத்துட்டு விதியை மட்டும் அனுப்பினா அது பயமுறுத்தல். இனிப்பு நீர் உள்ள பெரியவங்க மருந்தும் போட்டுக்கிட்டு, சாப்பிடாமலும் இருந்தா என்ன ஆகும்னு நாங்க சொல்லணுமா?

கர்ப்பிணிங்க விஷயத்துல இன்னொண்ணு. கிரகணத்துல கத்தி எடுத்தா பிள்ளைக்கு உதடு பிளந்து பொறக்கும்னு சொல்றாங்க. வயித்துல பிள்ளைக்கு உதடு உருவாகிறது முதல் ரெண்டு மாசத்துக்குள்ள. ஏழாம் மாசம் வெங்காயம் நறுக்கினா அது எப்படிப் பிளக்கும்? இந்தப் பேச்சால அடி வாங்கறது யாருன்னா, ஏற்கெனவே அப்படிப் பிள்ளை பெத்த தாய்ங்க. "கிரகணத்துல வெளிய போனியா?"ன்னு நாலு பேர் கேட்டுக் கேட்டே அவங்களைச் சாகடிக்கிறாங்க. ஆபரேஷன் பண்ணினா சரியாகிற விஷயத்துக்கு ஒரு தாய் ஆயுசு முழுக்க குத்த உணர்ச்சியோட திரியணுமா?

அன்னிக்குச் சாயங்காலம் நாங்க தலையைத் தொங்கப் போட்டுக்கிட்டு உக்காந்திருந்தப்ப, தினமும் விளக்குப் போட வர்ற ஒரு பாட்டி, எண்பது வயசுக்கு மேல இருக்கும், பக்கத்துல வந்து உக்காந்தாங்க. தோட்டத்துல பால் மரம் வெட்டி, தோட்டம் கைமாறினப்ப புந்தோங்குக்கு வந்தவங்க. விஷயத்தைக் கேட்டுட்டுச் சிரிச்சாங்க. "வாயும் வயிறுமா இருக்கையில கிரகணம் புடிச்சப்போ நான் வெட்டுக்காட்டுலதான்டா நின்னேன். கையில பால் கத்தி. மண்டோரு லீவு குடுத்தாரா? பெரட்டுக்கு வரலைன்னா அன்னிக்குப் பேரு இல்ல, சம்பளம் இல்ல. என் மவனுக்கு உதடு நல்லாத்தான் இருக்கு, இப்ப வாயைத் தொறந்தா மூட மாட்டேங்கிறான்"னாங்க.

நம்ம ஆச்சாரத்தைக் காப்பாத்தறோம்னு நாம பேசற பேச்சுல, அந்தத் தலைமுறைப் பொம்பளைங்க எப்படி வாழ்ந்தாங்கங்கிறதையே மறந்துட்டோம். விடியக்காலம் எழுந்து, பிள்ளையை ஆயா கொட்டகையில விட்டுட்டு, கொசுக்கடியில மரம் வெட்டினவங்க. அவங்ககிட்ட பக்தி இருந்துச்சு. கிரகணம் விட்டதும் தலைக்கு ஊத்திட்டு விளக்குப் போட்டாங்க. இருட்டு அறையில உக்காரத்தான் அவங்களுக்கு நேரமில்ல.

சரி, அந்தச் சின்னப் பொண்ணு கேட்ட கேள்விக்கு வருவோம். சாமிக்குப் பயமா?

இல்லம்மா. நடை சாத்துறது ஆகம வழக்கம். வழக்கமான பூஜையை நிறுத்தி வச்சு, கிரகணம் விட்டதும் கழுவி, புண்ணியாகவாசனம் பண்ணி, அபிஷேகம் செஞ்சு தொறக்கிறாங்க. அது குருக்கள் முடிவு பண்ற விஷயம். அதுல கை வைக்க எங்களுக்குத் தகுதியும் இல்ல, ஆசையும் இல்ல. ஆனா எல்லாக் கோயிலும் சாத்துறதில்லங்கிறதையும் தெரிஞ்சுக்கணும். ராகு கேது தலம்னு நாம தேடிப் போற காளஹஸ்தியில கிரகணத்தப்பவும் நடை திறந்தேதான் இருக்கும், பூஜையும் நடக்கும். சாமி பயந்தா அங்கயும் இல்ல பயந்திருக்கணும்?

பழைய வழக்கத்தைப் பார்த்தா கிரகணம்னா ஜனங்க வெளிய போயிருக்காங்க. ராமேஸ்வரத்துல கடல்ல இறங்கி முழுகுறாங்க. சூரிய கிரகணத்துக்குக் கண்ணனும் யாதவர்களும் குருக்ஷேத்திரத்துக்குத் தீர்த்தமாடப் போனதை பாகவதமே சொல்லுது. ராஜாக்கள் சூரிய கிரகணத்தன்னிக்கு நிலம் தானம் குடுத்ததைக் கல்வெட்டுலயும் செப்பேட்டுலயும் வெட்டி வச்சிருக்காங்க. நீராடு, ஜபம் பண்ணு, தானம் குடு. பெரியவங்க சொன்னது இந்த மூணு. நம்ம காலத்துல இந்த மூணும் போயி, கதவைச் சாத்து, டிவியைப் போடு, மெசேஜ் அனுப்புங்கிறது மட்டும் மிஞ்சியிருக்கு.

அறிவியல் பேசினா பக்தி போயிடும்னு சில பெரியவங்க எங்ககிட்ட சொல்வாங்க. மரியாதையோட ஒண்ணு சொல்றோம். பஞ்சாங்கத்துல கிரகண நேரம் போட்டிருக்கே, அது அருள்வாக்கா? கணக்கு. 499-ஆம் வருஷத்து ஆரியபட்டீயத்துலயே சூரியனைச் சந்திரன் மறைக்குது, சந்திரனைப் பூமியோட நிழல் மறைக்குதுன்னு எழுதியாச்சு. ராகு கேதுவுக்கு நம்ம முன்னோர் வச்ச பேரே நிழல் கிரகம். அவங்களுக்குத் தெரியாமலா அந்தப் பேரை வச்சாங்க?

நம்ம தமிழ் ஆளுங்க கதை ஒண்ணு இருக்கு. ஜான் வாரன்னு ஒருத்தர் 1825-ல சென்னையில வெளியிட்ட 'காலசங்கலித'ங்கிற புத்தகத்துல எழுதி வச்சிருக்கார். புதுச்சேரிப் பக்கம் ஒரு தமிழ்ப் பஞ்சாங்கக்காரர், பேனாவும் காகிதமும் இல்லாம, தரையில சோழியைப் பரப்பி, மனப்பாடமா வச்சிருந்த வாக்கியங்களைச் சொல்லிக்கிட்டே, அந்த வருஷம் மே 31 ராத்திரி சந்திர கிரகணத்தைக் கணிச்சுக் குடுத்தார். ஆரம்ப நேரத்துல பிசகினது 4 நிமிஷம்தான். முடியிற நேரம் அம்பது நிமிஷம் வரைக்கும் தவறிப் போச்சு, அதையும் மறைக்க வேணாம். ஆனா சோழியை வச்சு இவ்வளவு போட்டிருக்காரே! அவரோட பேரப்பிள்ளைங்கதான் நாம. கையில ஸ்மார்ட்போன் இருந்தும் சென்னை நேரத்தை ஈப்போ நேரமா மாத்தத் தெரியாம அனுப்பினோம்.

நம்ம மண்ணுக்கும் கிரகணத்தோட பழக்கம் உண்டு. 1929 மே 9-ல முழு கிரகணம் கெடா வழியாப் போனப்ப, அதைப் பார்க்கிறதுக்குன்னே இங்கிலாந்துலேருந்து வானியல்காரங்க கப்பல் ஏறி வந்து அலோர் ஸ்டார்ல கூடாரம் போட்டாங்க. அவங்க கடல் தாண்டி வந்து பார்த்ததை, நம்ம வாசல்லயே வர்றப்ப நாம ஜன்னல் திரையை இழுத்து விடுறோம்.

2016 காலைக்கே திரும்பிப் போறோம். ஏன்னா அன்னிக்கு நல்லதும் ஒண்ணு நடந்துச்சு.

எட்டே கால் இருக்கும். வெயில் ஒரு மாதிரி வெளுத்துப் போச்சு. நிழல் எல்லாம் கத்தியில வெட்டினாப்புல கூர்மையா தெரிஞ்சுச்சு. பக்கத்து வீட்டுப் பையன் ஒருத்தன், வெளிய வரக் கூடாதுன்னு சொல்லியும் ஓடி வந்தவன், "அண்ணே, கோயில் கதவைப் பாருங்க"ன்னு கத்தினான். கிழக்கே நிக்கிற மரத்தோட இலை சந்து வழியா வெயில் சாய்வா வந்து, சாத்தியிருந்த கதவு மேல விழுந்துக்கிட்டிருந்துச்சு. எப்பவும் வட்டம் வட்டமா விழற வெளிச்சம் அன்னிக்குப் பிறை பிறையா விழுந்துச்சு. நூறு, இருநூறு குட்டிப் பிறை, காத்து அடிக்க அடிக்க ஆடுது. சிவராத்திரி முடிஞ்சு ரெண்டு நாள்தான் ஆகுது. ஒருத்தர் கை கூப்பிட்டார். மத்தவங்களும் கூப்பினோம்.

காரணம் ரொம்பச் சின்னது. சின்ன ஓட்டை வழியா வர்ற வெளிச்சம், வந்த இடத்தோட உருவத்தையே எதிர்ல விழ வைக்கும். சூரியன் முழுசா இருந்தா வட்டம், கடிபட்டிருந்தா பிறை. அன்னதான சமையல்கட்டுலேருந்து ஒரு அக்கா பூந்திக் கரண்டியை எடுத்துட்டு வந்து வெயில்ல புடிச்சாங்க. ஒவ்வொரு ஓட்டைக்கும் ஒரு பிறை. அந்தப் பையன் முதுகைச் சூரியனுக்குக் காட்டிக்கிட்டு, தரையில கிரகணத்தைப் பார்த்தான். கண்ணுக்கு ஒரு ஆபத்தும் இல்ல. நடை சாத்தித்தான் இருந்துச்சு. ஆச்சாரத்துக்கும் குறை வரலை.

அதே நாள் பாலியில இந்துக்களுக்கு ஞெபி, மௌன நாள். தெருவுல ஒரு வண்டி கூட ஓடாது. நம்ம ஊர்ல பள்ளிவாசல்கள்ல கிரகணத் தொழுகை நடந்துச்சு. ஒரே வானத்தைப் பார்த்து ஒவ்வொருத்தரும் அவங்கவங்க வழியில கும்பிட்ட காலை அது. நம்ம வழியில பயம் மட்டும் பெருசா தெரியக் கூடாதுங்கிறதுதான் எங்க ஆதங்கம்.

2019 டிசம்பர் 26-ல கங்கண கிரகணம் வந்தப்ப எங்களுக்குக் கொஞ்சம் புத்தி வந்திருந்துச்சு. ஜொகூர் தென்கோடியிலயும் சிங்கப்பூர்லயும் முழு வளையம், நமக்கு மத்தியானம் பகுதி கிரகணம். நேரத்தை நம்ம நேரத்துலயே எழுதி ஒட்டினோம். உலக்கை விஷயத்தையும் சோதிச்சுப் பார்த்தோம். கிரகணத்தப்ப தட்டுல உலக்கை தானா நிக்கும்னு வீடியோ வந்துச்சு இல்லையா? நின்னுச்சு. அடுத்த வாரம் சாதாரணச் செவ்வாய்க்கிழமை வச்சோம், அன்னிக்கும் நின்னுச்சு. அடி சமமா இருந்தா எந்த நாளும் நிக்கும்.

அடுத்து 2031 மே 21, கங்கண கிரகணம் தென்னிந்தியா, இலங்கை, மலேசியா வழியாவே வருது. அதுக்கு முன்னாடி சந்திர கிரகணங்களும் வரும். அதுக்காக நாங்க எங்களுக்குள்ள சில முடிவு எடுத்திருக்கோம். நீங்களும் யோசிங்க.

1. கோயில் பேர்ல போற கிரகணச் செய்தியில மலேசிய நேரம் மட்டும்தான் இருக்கும். குருக்கள்கிட்ட காட்டாம ஒரு வரியும் அனுப்ப மாட்டோம்.

2. கர்ப்பிணிங்க, பிள்ளைங்க, வயசானவங்க, மருந்து சாப்பிடறவங்க வேளைக்குச் சாப்பிடணும், தண்ணி குடிக்கணும். இதைத்தான் செய்தியோட முதல் வரியா போடுவோம்.

3. வெறுங்கண்ணால சூரியனைப் பார்க்கக் கூடாது. இந்த ஒரு விலக்கை மட்டும் கண்டிப்பா சொல்வோம். காலைச் சூரியன் சிவந்து மங்கலா இருக்கிறப்ப ஒண்ணும் செய்யாதுன்னு தோணும், அங்கதான் ஏமாறுவோம். விழித்திரைக்கு வலி தெரியாது, சுட்டுப் போனப்புறம்தான் தெரியும். எக்ஸ்ரே படம், கறுப்புக் கண்ணாடி, சிடி, மஞ்சத் தண்ணியில தெரியிற சூரியன், எதுவும் வேணாம். ஐஎஸ்ஓ 12312-2ன்னு தரம் போட்ட கிரகணக் கண்ணாடி இருந்தா பாருங்க. இல்லைன்னா பூந்திக் கரண்டி போதும்.

4. நடை சாத்தின நேரத்துல பிள்ளைங்களை வெளி மண்டபத்துல உக்கார வச்சு, பெரியவங்க ஜபம் பண்ணட்டும், பிள்ளைங்க சுவத்துல பிறை பார்க்கட்டும். முடிஞ்சதும் எல்லாரும் குளிச்சுட்டு வந்து தரிசனம் பண்ணலாம். அன்னிக்கு அன்னதானமும் உண்டு. தானம் குடுக்கச் சொன்ன நாளாச்சே.

விரதம் இருக்கணும்னு நினைக்கிற ஆரோக்கியமான ஆளு இருங்க, உங்க காலைத் தொட்டுக் கும்பிடறோம். உங்க விரதத்தை ஏழு மாசப் பொண்ணு மேல ஏத்தாதீங்க, அவ்வளவுதான்.

அந்தச் சின்னப் பொண்ணுக்கு அடுத்த ஞாயித்துக்கிழமை பதில் சொல்லப் போறோம். பூந்திக் கரண்டியையும் எடுத்துட்டுப் போறோம். சாதாரண வெயில்லயே வட்டம் வட்டமா எப்படி விழுதுன்னு காட்டிட்டா, கிரகணத்தன்னிக்கு என்ன ஆகும்னு அதுவே சொல்லிடும்.

இதுல தப்பு இருந்தா சொல்லுங்க. கோவம் வந்தா நேர்லயே வந்து திட்டுங்க. வெள்ளிக்கிழமை சாயங்காலம் செருப்பு விடற இடத்துலதான் நிப்போம். பயமுறுத்துற செய்தி வந்தா மட்டும், அனுப்புறதுக்கு முன்னாடி ஒரு தடவை எங்ககிட்ட கேளுங்க. ஒரு தடவை அனுப்பிப் பட்ட பாடே எங்களுக்குப் போதும்.

அம்மன் எல்லாருக்கும் துணை இருப்பா.